பாக்கோ மழைக்காட்டுக் குரங்குகள்: முதுகுப்பையோடு போகும் நண்பர்களுக்கு

நண்பர்கள் நால்வர் முதுகுப்பையோடு போர்னியோத் தீவிலுள்ள மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்குப் போகிறார்கள். கூச்சிங் நகருக்கு அருகிலுள்ள பாக்கோ தேசியப் பூங்காவில் ஓர் இரவு தங்கி, அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் காட்டில் காண முடியாத நீள்மூக்குக் குரங்கைப் பார்ப்பது அவர்கள் திட்டம். ஆனால் அங்குள்ள குரங்குகள் பையைப் பறிக்கும், எதிர்த்தால் கடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். உணவு கொண்டுபோகலாமா, கையில் கம்பு வைத்துக்கொள்ளலாமா, கடித்துவிட்டால் என்ன செய்வது என்பவை அவர்கள் கேட்டிருக்கும் கேள்விகள். தயங்காமல் போகலாம் என்பதுதான் என் பதில். நீங்கள் பார்க்கப் போகும் குரங்கு வேறு, உங்கள் பையைப் பார்க்க வரும் குரங்கு வேறு என்பதை மட்டும் முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அந்த இரண்டாவது குரங்கு உங்களை நெருங்குமா விலகிப் போகுமா என்பதை, உங்கள் நால்வரில் மிகவும் அசட்டையாக இருப்பவரின் பைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

பாக்கோ 1957ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பூங்கா. சரவாக்கில் இதுவே மிகப் பழையது. பரப்பளவு 27 சதுர கிலோமீட்டர் அளவே இருந்தாலும், சதுப்புநிலக் காடு, கடற்கரைக் காடு, பாறைச்சரிவுச் செடிகள், கரிநிலச் சதுப்பு, உயர்ந்த மரங்கள் அடர்ந்த மழைக்காடு, மணற்பாங்கான மேட்டுநிலத்தில் குட்டையாக வளரும் காடு எனப் போர்னியோவின் முக்கியத் தாவர வகைகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் கடலுக்குள் நீண்டிருக்கும் அந்தச் சிறிய நிலத்தில் நடந்தே பார்த்துவிடலாம். சாலை வழியாக உள்ளே போக முடியாது. கூச்சிங்கிலிருந்து பாக்கோ சிற்றூர்ப் படகுத்துறை வரை பேருந்திலோ வாடகைக் காரிலோ போய், அங்கிருந்து படகில் அரைமணி நேரத்துக்குள் பூங்காத் தலைமையகம் இருக்கும் தெலோக் அசாம் விரிகுடாவை அடைய வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் படகு துறைக்கு வராமல் கரைக்குச் சற்று முன்பே நின்றுவிடும். மீதித் தூரம் கணுக்காலோ முழங்காலோ நனைய நடக்க வேண்டியிருக்கும். அப்போது படகோட்டி காட்டும் வழியிலேயே நடங்கள். இந்தக் கரையோரத்தில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். குரங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பலர் இந்தப் பலகையைப் படிக்காமலே கடலில் இறங்குவதை நினைத்தால், மனிதரின் அச்சம் எப்போதும் சரியான திசையில் இருப்பதில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஓர் இரவு தங்குவது என்ற முடிவு மிகச் சரியானது. பகல்நேரப் பயணிகள் காலையில் வந்து, அலையையும் படகையும் கணக்கிட்டுப் பிற்பகலில் திரும்பிவிடுகிறார்கள். நீள்மூக்குக் குரங்குகளோ விடியலை ஒட்டிய நேரத்திலும், வெயில் தாழ்ந்த பிறகும்தான் நன்றாக நடமாடும். நடுப்பகலில் இலைகளுக்குள் அமர்ந்து, தின்றதைச் செரித்துக்கொண்டிருக்கும். மாலையில் நீரோரத்து மரங்களுக்கு வந்து இரவைக் கழிப்பது அவற்றின் வழக்கம். ஆகவே கடைசிப் படகு போனபின் தங்கியிருப்பவருக்கு, நடந்து களைக்காமல் தலைமையகத்தை ஒட்டிய சதுப்புநில மரங்களிலேயே அவற்றைக் காணும் வாய்ப்புக் கிடைக்கிறது. அங்கே தென்படாவிட்டால் தெலோக் டெலிமா, தெலோக் பாக்கு ஆகிய இரு தடங்களையும் முயன்று பாருங்கள். இரண்டும் ஒரு கிலோமீட்டர் அளவே நீளமுள்ளவை என்றாலும், வேர்களும் ஏற்ற இறக்கங்களும் நிறைந்திருப்பதால் நிதானமாகவே நடக்க முடியும். நிதானம்தான் இங்கே வேண்டியதும். கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது பயன் தரும்: கனத்த உடல் ஒன்று கிளையிலிருந்து கிளைக்குத் தாவும்போது எழும் சலசலப்பும், ஆண் குரங்கு மூக்கால் எழுப்பும் கனைப்பொலியும் நெடுந்தொலைவு கேட்கும். நால்வரும் பேசிக்கொண்டே நடந்தால் இரண்டுமே காதில் விழாது.

வளர்ந்த ஆண் 20 கிலோ வரை எடையுள்ளது. பெண் ஏறத்தாழ அதில் பாதி. ஆணின் தொங்கும் மூக்கு 10 சென்டிமீட்டரையும் தாண்டும். குரலை முழங்கச் செய்வதிலும் பெண்களைக் கவர்வதிலும் அந்த மூக்குக்குப் பங்கு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வயிறு பானை போல் உப்பியிருப்பதைப் பார்த்துச் சூல் கொண்டிருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆணுக்கும் அப்படித்தான் இருக்கும். பல அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்து செரிக்க உதவுகின்றன. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் வழக்கமும் இந்த இனத்தில் இருப்பதை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். குரங்குகளில் இது மிகவும் அரிது. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உள்ளதால் நன்றாக நீந்தவும் செய்யும். இந்த வயிறுதான் உங்கள் கேள்விக்கும் ஒரு விடை. இளந்தளிர், முதிராத காய், விதை ஆகியவற்றுக்கு ஏற்ப அமைந்த இந்தச் செரிமானத்துக்கு உங்கள் பையிலுள்ள பிஸ்கட்டாலும் வாழைப்பழத்தாலும் ஒரு பயனும் இல்லை. இனிப்பு மிகுந்த உணவு அதற்குத் தீங்காகவும் முடியலாம். ஆகவே நீள்மூக்குக் குரங்கு மனிதரைத் தேடி வருவதில்லை. மனிதரைக் கண்டால் உயரே ஏறி இலைகளுக்குள் மறையும். சரவாக்கின் 1998ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்புப் பெற்ற இனம் அது. மரத்தடியில் கூடி நின்று கைதட்டி அழைப்பதும், படத்துக்காகக் கிளையை உலுக்குவதும் அதைத் துன்புறுத்துவதே ஆகும். தொலைவில் அமர்ந்து பார்க்க ஓர் இருகண்நோக்கி இருந்தால், அது உங்களுக்கு எந்தக் கைப்பேசிக் கேமராவையும்விட நிறைவைத் தரும். நால்வருக்கும் சேர்த்து ஒன்று போதும்.

வெள்ளி இலைக்குரங்கு எனும் இன்னொன்றும் அங்கே உண்டு. சாம்பல் பூத்த கருநிற உடலும் உச்சி மயிரும் கொண்ட அமைதியான இலையுண்ணி அது. குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறும். இதுவும் பையைத் தொடாது.

இனி, பையைத் தொடுவது. நீளவால் குரங்கு என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்கள் கெரா என்பார்கள். தமிழ்நாட்டில் மலைப்பாதைகளிலும் கோயில் வாசல்களிலும் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கின் நெருங்கிய உறவினம் இது. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆகவே அதன் முகக்குறிகளும் குணங்களும் உங்களுக்கு அவ்வளவு புதியவை அல்ல. தனக்குரிய இடத்தில் விட்டால் அது திறமை மிக்க விலங்கு. பழம், இலை, பூச்சி ஆகியவற்றோடு, நீர் வற்றிய சேற்றில் இறங்கி நண்டும் சிப்பியும் தேடித் தின்னும். தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் வாழும் இதே இனக் குரங்குகள் கல்லால் சிப்பியை உடைத்துத் தின்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் காலையெல்லாம் நண்டு தேடிக் கிடைக்கும் சத்தைவிட அதிகமானது சிற்றுண்டிச்சாலை மேசையில் ஒரு நொடியில் கிடைக்கும் என்று அறிந்துகொண்ட குரங்கு ஏன் நண்டைத் தேடப் போகிறது? கன்னத்தில் பைபோன்ற அமைப்பு இருப்பதால், கிடைத்ததை மென்று விழுங்கக் காத்திராமல் வாயில் திணித்துக்கொண்டு ஓடி, பாதுகாப்பான கிளையில் அமர்ந்து நிதானமாகத் தின்ன அதனால் முடிகிறது. பறித்துவிட்டு ஓடுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது அந்த உடலமைப்பு. பாக்கோவில் இந்தக் குரங்குகளின் தொல்லை காட்டுக்குள் பரவலாக இல்லை. தலைமையகம், சிற்றுண்டிச்சாலை, விடுதிகளின் தாழ்வாரம், பயணிகள் உட்கார்ந்து உண்ணும் கடற்கரை ஆகிய இடங்களில்தான் திரண்டிருக்கிறது. மனிதர் தின்னும் இடங்களே அதன் வேட்டைநிலம்.

இதை வைத்து இந்தக் குரங்கைப் பெருகிக் கிடக்கும் தொல்லை விலங்காக எண்ணிவிடக் கூடாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022ஆம் ஆண்டு இந்த இனத்தை அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. மருத்துவ ஆய்வகங்களுக்காகப் பிடிப்பதும் வாழிடம் சுருங்குவதும் அதற்கான காரணங்களில் அடங்கும். கண்ணெதிரே கூட்டமாகத் தெரிவதால் எங்கும் நிறைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவே.

உணவைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. தங்குமிடத்திலேயே சிற்றுண்டிச்சாலை இருப்பதால் சமைத்த உணவைச் சுமக்கத் தேவையில்லை. சைவ உணவு மட்டுமே உண்பவர் உங்களில் இருந்தால், கையோடு கொஞ்சம் கொண்டுபோக விரும்புவது இயல்பே. அப்படிக் கொண்டுபோனால் இறுக மூடும் டப்பாவில் வைத்து, டப்பாவை முதுகுப்பையின் அடியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடப்பதைப்போல் குரங்கை அழைக்கும் செயல் வேறில்லை. உள்ளே இருப்பது ஈரத்துணியாக இருந்தாலும், பிளாஸ்டிக் சரசரக்கும் ஒலியே உணவு என்று அந்தக் குரங்குகள் கற்றுவைத்திருக்கின்றன. பையின் பக்கவாட்டு வலைப்பைகளில் செருகிய பானப் புட்டியும் அப்படியே. நிறமுள்ள பானமாக இருந்தால் இழுத்துப் பார்க்காமல் விடாது. தண்ணீரையும் உள்ளே வையுங்கள். ஜிப்பின் இரு தலைகளையும் ஒரு சிறு கொக்கியால் சேர்த்துப் பூட்டிவிட்டால் போதும். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குக்கும் கொக்கியைக் கழற்ற நேரம் பிடிக்கும். நடைத்தடத்தில் பசித்தால் குரங்கு கண்ணில் படாத இடத்தில் நின்று, சிறிதளவு எடுத்துத் தின்று, பையை மூடிய பிறகு நடங்கள். தோலையும் உறையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சுத் தோல் மக்கிப் போகும்தானே என்ற வாதம் இங்கே செல்லாது, ஏனெனில் மக்குவதற்கு முன்பே அது ஒரு குரங்குக்குப் பாடம் நடத்திவிடும்.

நாமே எடுத்துக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமனை வணங்கும் மரபில் வளர்ந்த நமக்குக் குரங்குக்கு ஒரு பழம் நீட்டுவது புண்ணியமாகவே படும். மலைக்கோயில்களுக்குப் போகும்போது கையில் வாழைச்சீப்பு வாங்கிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பழக்கத்தைப் பாக்கோவுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஊருக்குள்ளும் அது நல்லதல்ல என்பதே என் எண்ணம் என்றாலும், அந்த வழக்கை இங்கே தொடுக்கப் போவதில்லை. உணவு பெற்ற குரங்கு அடுத்து வருபவரிடமும் எதிர்பார்க்கும். எதிர்பார்த்தது கிடைக்காதபோது பறிக்கும். பறிக்கப் பழகி, தடுத்தால் கடிக்கவும் பழகிய ஆண் குரங்கைப் பூங்காவினர் இறுதியில் அப்புறப்படுத்தியாக வேண்டிய நிலை வரும். பழத்தை நீட்டியவர் அப்போது வேறு ஊரில் இருப்பார்.

பறித்த பொருளை மீட்க உணவைக் கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பாலித் தீவின் உலுவாத்துக் கோயிலில் வாழும் நீளவால் குரங்குகள் பயணிகளின் கண்ணாடி, தொப்பி, செருப்பு, கைப்பேசி ஆகியவற்றைப் பறித்து, உணவு கொடுத்தால் மட்டுமே திருப்பித் தருகின்றன. அங்கே நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. மனிதர் எந்தப் பொருளை உயர்வாக மதிக்கிறார்கள் என்பதை வளர்ந்த குரங்குகள் அறிந்து, அதையே தேர்ந்து பறிக்கின்றன என்றும், மதிப்புள்ள பொருளுக்குக் கூடுதலான அல்லது சிறந்த உணவு கிடைக்கும் வரை பேரம் பேசுவதுபோல் காத்திருக்கின்றன என்றும் அது காட்டியது. இந்த வாணிபத்தை யாரோ ஒருவர் முதல் நாளில் ஒரு பழம் கொடுத்துத் தொடங்கி வைத்திருக்க வேண்டும். பாக்கோவில் அதைத் தொடங்கி வைக்கும் பெருமை உங்களுக்கு வேண்டாம். குரங்கு ஒரு பொருளைப் பிடித்துவிட்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் பெரும்பாலான கடிகள் நேர்கின்றன. தின்ன உதவாது என்று தெரிந்தால் பெரும்பாலும் அதுவே சற்று நேரத்தில் போட்டுவிட்டுப் போகும். போடாவிட்டால் பூங்காப் பணியாளரை அழையுங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் கைப்பையிலோ கழற்றி வைக்கும் பையிலோ வைக்காமல், உடையோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொண்டால் போகும் பொருள் எதுவானாலும் பயணம் நிற்காது.

அடுத்தது முகத்தைப் பற்றியது. நாம் நட்பின் அடையாளமாகக் கருதும் இரண்டு செயல்கள், கண்ணைப் பார்த்துப் பேசுவதும் பல் தெரியச் சிரிப்பதும், இந்தக் குரங்கினத்தில் வேறு பொருள் கொண்டவை. கண்ணை நேராக வெறித்துப் பார்ப்பது அதற்கு ஒரு சவால். குரங்கு உங்களை அச்சுறுத்தும்போது வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தோலைப் பின்னுக்கு இழுத்து, காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து உற்றுப் பார்க்கும். சில வேளை தரையை அறைந்து ஓரடி முன்னே பாயும். அந்த முகத்தில் பல் அவ்வளவாகத் தெரியாததால், ஏதோ வியப்பில் வாய் பிளந்து நிற்பதாகப் பயணிகள் நினைத்துப் படமெடுக்க நெருங்குகிறார்கள். மாறாக, பற்களைக் கடித்து உதட்டை விரித்து அது காட்டும் முகம் அச்சத்தின் குறி. அதைச் சிரிப்பென்று எண்ணி மகிழ்கிறோம். பெரிய ஆண் கொட்டாவி விடுவதும் எப்போதும் தூக்கத்தால் அல்ல. கோரைப் பல்லைக் காட்டும் அந்தக் கொட்டாவி பெரும்பாலும் அதன் உள்ளப் பதற்றத்தின் வெளிப்பாடு. மொராக்கோவில் வாழும் இன்னொரு உறவினக் குரங்கின் படங்களைக் காட்டி நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும், பழக்கமில்லாதவர்கள் ஆக்ரோஷ முகத்தையே இயல்பான முகமாகவோ நட்பு முகமாகவோ பலமுறை தவறாக வாசித்தார்கள். ஆகவே குரங்கின் முகத்தை வாசிக்க முயல்வதைவிட, அது உங்களைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினாலே விலகுவது பாதுகாப்பு.

விலகும் முறையும் முக்கியம். ஓடக் கூடாது, ஓடுபவரைத் துரத்துவது அதற்கு எளிது, தடத்தில் கிடக்கும் வேர்கள் உங்களை வீழ்த்துவதும் எளிது. முதுகைக் காட்டித் திரும்பிவிடாமல், பார்வையைச் சற்றுத் தாழ்த்தியபடி, பக்கவாட்டாக நகர்ந்து மெல்லப் பின்வாங்குங்கள். கைகள் வெறுமையாக இருப்பதை விரித்துக் காட்டுவது பல நேரங்களில் உதவும். கையிலுள்ள பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ளலாம். ஆனால் கைகளைப் பின்னே மறைத்தால் ஏதோ ஒளிப்பதாகக் குரங்கு வந்து பார்க்கும். கம்பு வைத்துக்கொள்ளலாமா என்றால், நடைக்கோல் வைத்துக்கொள்ளலாம். தரையில் தட்டுவதற்கும் உங்களுக்கும் அதற்கும் இடையே ஓர் எல்லையைக் காட்டுவதற்கும் அது போதும். அடிப்பதற்காக ஓங்கினால், தனியாக நின்ற குரங்கு ஒன்றுக்குப் பதில் கூட்டமே கத்திக்கொண்டு வரலாம். கல்லெறிவதும் அப்படியே. குட்டியைச் சுமந்த தாய்க்கும் அவள் கூட்டத்துக்கும் நடுவே நீங்கள் நிற்க நேர்ந்தால், எந்தப் பக்கம் நகர்ந்தால் அவளுக்கு வழி திறக்குமோ அந்தப் பக்கம் நகருங்கள். குட்டி தானாகவே உங்கள் அருகில் வந்தாலும் கையை நீட்ட வேண்டாம்.

நண்பர்களாகப் போவதில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. நால்வர் சேர்ந்து நின்றால் குரங்கு நெருங்கத் தயங்கும். ஆனால் நால்வரும் ஒரே குரங்கைப் பார்த்து ஒரே திசையில் கைப்பேசியை நீட்டி நிற்கும்போது, பின்னால் பெஞ்சில் வைத்த பைகளுக்குக் காவல் இல்லை. ஒன்று கவனத்தை ஈர்க்க இன்னொன்று திருடுகிறது என்று பயணிகள் சொல்வதுண்டு. அவை திட்டமிட்டுச் செய்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன், கவனிக்காத பையைக் கூட்டத்தில் ஏதோ ஒன்று கண்டுகொள்கிறது என்பதே போதுமான விளக்கம். யாரேனும் ஒருவர் எப்போதும் பைகளின் பக்கம் நிற்பது என்று புறப்படும் முன்பே பேசி, முறைவைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்காகக் குரங்கைச் சீண்டும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடம் நயமாகப் பேசுவதைவிட முன்கூட்டியே கறாராகப் பேசுவது நல்லது, ஏனெனில் அவர் சீண்டிய குரங்கு அவரையேதான் கடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. விடுதியில் அறை சன்னல்களை மூடுங்கள். துவைத்த துணியையும் காலணியையும் தாழ்வாரத்தில் காயவைத்துவிட்டு நடைக்குப் போகாதீர்கள்.

மேட்டுநிலத்தைச் சுற்றிவரும் லிந்தாங் தடம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்; மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அங்கே குரங்குத் தொல்லை குறைவு, வெயில் தொல்லை அதிகம்; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பூச்சியை உண்ணும் குடுவைச் செடிகளை வழியோரத்திலேயே பார்க்கலாம். கிளம்பும் முன் தலைமையகத்தில் பெயரையும் போகும் தடத்தையும் பதிவு செய்யுங்கள். இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும் பச்சை விரியன் அங்கே சாதாரணம். பிடிமானத்துக்கு எந்தக் கிளையையும் பார்க்காமல் பற்றாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் கடல் கொந்தளிப்பும் மிகும். அந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். பல் பதிந்தாலும், நகம் கீறி இரத்தம் துளிர்த்தாலும், புண்ணுள்ள தோலில் எச்சில் பட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றே: உடனடியாகக் குழாய் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ஐந்து நிமிடத்தில் கழுவிவிட்டதாகத் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியைத் தடவி, அடுத்த படகிலேயே கூச்சிங் திரும்பி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் காயத்தில் வைக்க வேண்டாம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று பயணத்தைத் தொடரவும் வேண்டாம். நீண்ட காலம் வெறிநோய் இல்லாதிருந்த சரவாக்கில் 2017ஆம் ஆண்டு அந்நோய் பரவியதாக அறிவிக்கப்பட்டது; அதன்பின் அங்கே பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த நோயைப் பரப்புவது முதன்மையாக நாய்தான். ஆயினும் பாலூட்டி எது கடித்தாலும் வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் அறிகுறி தோன்றிய பின் அதற்குச் சிகிச்சை பயன்படுவதில்லை. தடுப்பூசித் தவணைகள் பல நாட்களில் பரவியிருப்பதால், முதல் ஊசியின் சீட்டைப் பத்திரமாக வைத்து மீதியை ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம். தனுர்வாத ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் மருத்துவர் கேட்பார்.

நீளவால் குரங்கின் பேரினத்துக்கே உரிய பி வைரஸ் என்ற ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குரங்குக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத அது, மனிதருக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக் கூடியது. 1932இல் முதன்முதலாக அறியப்பட்டதிலிருந்து உலகெங்கும் பதிவான மனிதப் பாதிப்புகள் ஏறத்தாழ 50 மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் ஆய்வகங்களில் குரங்குகளோடு பணிபுரிந்தவர்கள். 2024இல் ஹாங்காங்கில் காட்டுக் குரங்குகளோடு தொடர்பு கொண்ட ஒருவருக்கு அது தொற்றியது. இவ்வளவு அரிதான ஒன்றுக்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கடித்தது நாயன்று, நீளவால் குரங்கு என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது உங்கள் பொறுப்பு. அதைத் தடுப்பதற்குரிய மருந்து தேவையா என்பதை அவர் அப்போதுதான் எண்ணிப் பார்ப்பார்.

கடியைவிட நடைமுறையில் முக்கியமான ஆபத்து ஒன்றைப் பயணிகள் அனேகமாகக் கேட்பதே இல்லை. அது குரங்கு மலேரியா. நோலெசி என்னும் மலேரியா ஒட்டுண்ணி நீளவால் குரங்கின் இரத்தத்தில் இயல்பாக வாழ்கிறது. காட்டுக் கொசு வழியாக அது மனிதருக்கு வந்து சேரும். இயற்கையாக அது மனிதரைத் தொற்றியது முதலில் 1965இல் தீபகற்ப மலேசியாவில் அறியப்பட்டாலும், பெரும் அளவில் மனிதரிடையே இருப்பதைச் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பணியாற்றிய பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்சிங் ஆகியோர் குழு 2004இல் வெளிக்கொணர்ந்தது. அதுவரை நுண்ணோக்கியில் பார்த்து வேறொரு மென்மையான மலேரியா என்று எண்ணியிருந்தவற்றில் பல உண்மையில் இதுவே என்று மரபணுச் சோதனை காட்டியது. இந்த ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் விரைவாக முற்றக் கூடும். மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018 முதல் மலேசியாவில் பதிவாகாத நிலையிலும், இந்தக் குரங்கு மலேரியா அங்கே தொடர்கிறது. குரங்கைத் தொடாமல், பத்து மீட்டர் தள்ளி நின்றே பார்த்தவருக்கும் இது வரலாம், ஏனெனில் வருவது கொசுவால். மாலை மயங்கும் நேரம் முதல் முழுக்கைச் சட்டையும் முழுக்காற்சட்டையும் அணிந்து, திறந்த தோலில் கொசுவிரட்டி பூசிக்கொள்ளுங்கள். நீள்மூக்குக் குரங்கைப் பார்க்கச் சிறந்த நேரமும் அதுவே என்பதால் இதை மறந்துவிட இடமுண்டு. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சரவாக்கின் உட்காடுகளுக்கும் போவதாக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் உங்களில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும், மற்ற மூவருக்கும் தெரிவித்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். இரத்தத் தட்டுகள் குறைவது இரண்டு நோய்களிலும் உண்டு. மலேரியாவுக்கென்று செய்யும் துரிதச் சோதனையும் இந்த வகையைச் சில வேளைகளில் தவறவிடும். எனவே போர்னியோக் காட்டில், நீளவால் குரங்குகள் வாழும் இடத்தில் இரவு தங்கியிருந்தேன் என்று தேதியோடு சொல்லி, இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்படி கேளுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் சோதிக்கச் சொல்லுங்கள்.